தோளில் சுண்ணாம்பு

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே டி.வி.யில் ஆட்டம் பார்த்து, "இவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா" என்று அலுத்துக்கொள்கிற பருவம் நமக்கு வந்துவிட்டது. இளசுகளிடம் சொன்னால், "அப்பல்லாம் அப்படியா இருந்துச்சு?" என்று கண்ணை விரிப்பார்கள். இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று எனக்குக் கோபம் வரும். உங்களிடம் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் என் மகள் கேட்டாள். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் அவள் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போகிற ஆள். "எதிர்ல நிக்கிறவளைத் தாண்டவே முடியலப்பா. எத்தனையோ வீடியோ பாத்துட்டேன். நீங்க ஆடுன ஆள்தானே, சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, கண் பொய் சொல்லும். காலைப் பார். எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ அந்தப் பக்கமே போ, அவளால் உடனே திரும்ப முடியாது. முதல் அடி நீளமாக இருக்கட்டும். உன் தோள் அவள் இடுப்பளவுக்குத் தாழட்டும். எப்போதும் வேகமாகவே போனால் அந்த வேகம் அவளுக்குப் பழகிவிடும். அதனால் மெதுவாகப் போய், அவள் நிமிர்கிற நேரம் பார்த்துப் பாய்ந்துவிடு. இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் முக்கியமானது. அது வாயில் வரவில்லை.

இதில் எதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை. நான் வெறும் நெட்டையன். கூடைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கொடுத்ததில்லை. எல்லாம் எங்கள் கார்டு ஆடியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவனை எல்லோரும் 'கார்டு' என்றே கூப்பிட்டோம். வாத்தியார்கள்கூட அப்படித்தான்.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சிமெண்டுத் தளம் பாதி பெயர்ந்து, செம்மண் எட்டிப் பார்க்கும். பலகை மழையில் உப்பி, பந்து பட்டால் மத்தளம் மாதிரி 'தொப்'பென்று சத்தம் வரும். ஆனி பிறந்துவிட்டால் காற்று. மேற்கேயிருந்து வருகிற அந்தக் காற்றில் கூடைக்கு எறிந்த பந்து பக்கத்து வேப்ப மரத்துக்குப் போகும். தூரத்திலிருந்து எறிந்து பிரயோசனமே இல்லை. கூடைக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டால்தான் உண்டு. அதனால் அந்தக் காற்று மாதங்களில் எங்கள் அணியே கார்டின் காலை நம்பி இருந்தது.

அவன் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். திருச்செந்தூர் பாசஞ்சர் வண்டியில் காலையில் வந்து சாயங்காலம் போவான். அவன் அப்பா வாழைத் தோட்டங்களில் கூலி வேலை. லீவு நாளில் இவனும் இலை அறுக்கப் போவான். அறுத்த இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மர வரிசைக்குள் ஓட வேண்டும். கட்டுக்குள் இருக்கிற இலையும் கிழியக் கூடாது, மரத்தில் நிற்கிற இலையும் கிழியக் கூடாது. கிழிந்த இலை விலை போகாது, தோட்டக்காரர் வாயில் வசவு வரும். எதன் மேலும் படாமல் நெளிந்து போகிற அந்த உடம்பை மைதானத்தில் பார்த்தால் நமக்கே பொறாமையாக இருக்கும். ஒற்றை ஆள் எதிரே நின்றால் அவன் நின்றதாகவே கணக்கில்லை. முன்காலைப் பார்ப்பான், தோளைத் தாழ்த்துவான், போய்விடுவான். நின்றவன் பிறகுதான் திரும்புவான்.

கஷ்டமெல்லாம் நல்ல அணிகளோடு ஆடும்போதுதான். அவனை மறிக்க வேகமான பையனாகப் பார்த்து நிறுத்துவார்கள். அந்த மாதிரி ஆளைத் தாண்ட ஒரே வழி ஸ்கிரீன். நான் போய் அந்தப் பையன் பக்கத்தில் தூண் மாதிரி அசையாமல் நிற்பேன். கார்டு என்னை ஒட்டி ஓட வேண்டும். பின்னாலேயே வருகிற பையன் என் மேல் மோதி நின்றுவிடுவான். கார்டு கூடைக்குப் போய்விடலாம். பார்க்க லேசு. ஆனால் கார்டின் தோள் என் இடுப்பில் உரச வேண்டும். இடையில் ஓர் ஆள் நுழைகிற சந்து விட்டால், துரத்துகிறவன் அந்தச் சந்தில் புகுந்து பந்தைத் தட்டிவிடுவான்.

எங்கள் கார்டு ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தை விட்டான்.

பி.டி. சார் விசிலைக் கடித்துக்கொண்டு ஓடி வருவார். "ஏலே, என்னத்துக்குலே ஒரு முழம் தள்ளிப் போறே? அவன் என்ன கரண்டுக் கம்பியா? தொட்டா ஷாக் அடிக்குமோ?" என்பார். மற்ற பையன்கள் சிரிப்பார்கள். கார்டும் சிரிப்பான். திரும்ப ஓடுவான். திரும்பவும் அதே ஒரு முழம்.

சார் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பையன்கள் மணிக்கட்டில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். எந்தக் கலர் எந்தச் சாதி என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். மைதானத்தில் கால் வைக்குமுன் வரிசையில் நிறுத்தி, பிளேடால் எல்லாக் கயிற்றையும் அறுத்துக் குப்பையில் போட்ட ஒரே வாத்தியார் அவர்தான். "முடிஞ்சுதுலே. கயிறும் போச்சு, சாதியும் போச்சு. இங்கன எல்லாரும் ஆட்டக்காரன்" என்றார். அப்படியே நம்பினார். அதனால்தான் அந்த ஒரு முழத்துக்கு வேறு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "பயந்தாங்கொள்ளிப் பய, மேல அடிபடும்னு பயப்படுதான்" என்று முடிவு கட்டிவிட்டார்.

என் அப்பா வேறு மாதிரி முடிவு கட்டினார். ஆற்றுப் பாசன வயலெல்லாம் தாத்தா காலத்தோடு போய், உத்தியோகம் மட்டும் மிஞ்சிய வீடு எங்களுடையது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிப்போக வருவார். ஒரு நாள் மைதானத்து ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் ஆட்டம் பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னார்: "மத்த பயலுவ பூரா மாடு மாதிரி இடிச்சுக்கிட்டு ஓடுதானுவ. அந்தக் கட்டையா, கறுப்பா இருக்கான்லா, அவன் ஒருத்தன்தான் ஒதுங்கிப் போறான். மரியாதை தெரிஞ்ச பையன். நல்ல வளப்பு."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அப்பா வாயால் பாராட்டு வாங்குவது அவ்வளவு சுலபமில்லை.

மறுநாள் ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவும்போது நானே கேட்டேன்.

"ஏம்லே, என் மேல முள்ளா இருக்கு? ஒட்டிப் போனா என்ன?"

"போவணும்னுதாம்லே வாரேன். உன் கிட்ட வந்ததும் காலு தானா வெலகிருது."

"அதென்னலே தானா?"

அவன் குழாயை மூடினான். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "எங்கூரு ஸ்டேசன்ல எறங்கி வீட்டுக்குப் போவணும்னா பெரிய தெரு வழியாத்தான் போவணும். வேற வழி கெடையாது. எதுக்க யாரும் வந்தா எங்கப்பா என் தோள்ல ஒரு தட்டு தட்டுவாவ. நான் ஓரத்துக்குப் போயிரணும். பேச்செல்லாம் கெடையாது, தட்டு மட்டுந்தான். நான் நடக்கப் படிச்சதே அப்படித்தாம்லே."

"இப்ப நீ தனியாத்தானே போற? யாரு தட்டுதா?"

"யாரும் தட்டாண்டாம். தட்டுன மாதிரியே இருக்கும்." பையை எடுத்து மாட்டிக்கொண்டே சொன்னான்: "அதுக்குத்தாம்லே இந்தச் செலக்சன்ல எடுக்கணும்ங்கேன். மாவட்ட டீம்ல எடுத்துட்டா வெளையாட்டு விடுதில எடம் கெடைக்கும். சோறும் அங்கனயே, படிப்பும் அங்கனயே. அந்தத் தெருவுல நடக்காண்டாம்லா."

மற்ற பையன்களுக்கு மாவட்ட அணி என்றால் பேர் போட்ட பனியன். அவனுக்கு அந்தத் தெருவில் நடக்காமல் இருப்பது. அப்படி ஒரு ஆசைக்காக ஒருவன் பந்து தட்டுவான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சார் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடி மூட்டை ஒன்று ஸ்டோர் ரூமில் இருக்கும். அதிலிருந்து ஒரு கை அள்ளி, என் பனியனில் இடுப்பைச் சுற்றி அப்பினார். "லே கார்டு, உன் தோள்ல வெள்ளை பட்டிருக்கணும். பட்டாத்தான் இன்னிக்கு வீட்டுக்கு. இல்லன்னா பாசஞ்சர் வண்டி உன்னை விட்டுட்டுத்தான் போகும்" என்றார்.

வேர்வையில் சுண்ணாம்பு கலந்து இடுப்பெல்லாம் எரியும். ராத்திரி அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சாரைத் திட்டுவாள். கார்டு ஓடி வருவான், விலகுவான். சார் தோளைப் பார்ப்பார். வெள்ளை இருக்காது. மறுபடியும் ஓடு. அவன் என்னை நோக்கி வரும்போது முகத்தைப் பார்ப்பேன். ஆழம் தெரியாத தண்ணீரில் குதிக்கப் போகிறவன் முகம் அது. ஆடி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்து நேராக என் மேலேயே மோதினான். இருவரும் விழுந்தோம். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. சார் அவனைத் தூக்கி நிறுத்தித் தோளைப் பார்த்தார். வெள்ளை. "இப்ப செத்தாலும் பரவாயில்லலே!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு அது வந்துவிட்டது. நாளுக்கு நாள் சந்து குறைந்தது. உரசினான், பிறகு இடித்தான், பிறகு என்னைத் தள்ளிக்கொண்டே போனான். தினமும் சாயங்காலம் குழாயடியில் நின்று தோளைக் கழுவி, சட்டையை உதறிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போவான். என்னதான் கழுவினாலும் தையல் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும்.

அந்த ஆவணியில்தான் ஆற்றோரத்து ஊர்களில் பகை மூண்டது. எங்கே, எதனால் என்று இப்போது கிளற வேண்டாம். பஸ்ஸை எரித்தார்கள். கடைகளை அடைத்தார்கள். பள்ளிக்கூடம் சில நாள் மூடிக் கிடந்தது. திறந்தபோது பெஞ்சுகளில் பாதி காலி. பாசஞ்சர் வண்டி மட்டும் போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. அதில் கார்டு வந்தான். "வராண்டாம்னு அப்பா சொல்லுதாவ. செலக்சன் மட்டும் முடியட்டும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான். மணிக்கட்டில் மறுபடி கயிறு கட்டிய பையன்கள் சிலர் அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். சார் பிளேடைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார், திரும்பவும் அறுத்தார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று விசில் ஊதினார்.

தேர்வு ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. தேர்வாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர் அணியில் கார்டை மறித்தவன் நல்ல ஆட்டக்காரன், நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான். முன்காலைக் காட்டவே இல்லை. முதல் பாதியில் கார்டால் அவனைத் தாண்ட முடியவில்லை. ஒரு தேர்வாளர் பக்கத்திலிருந்தவரிடம் உதட்டைப் பிதுக்கியதை நான் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் நான் போய் நின்றேன். கார்டு பைய வந்தான், பந்தை ஒரு தடவை மெதுவாகத் தட்டினான். மறித்தவன் கொஞ்சம் நிமிர்ந்தான். அவ்வளவுதான். நீளமாக ஒரு அடி. அவன் தோள் என் விலாவில் இறங்கியது. எனக்கு மூச்சு நின்றது. பின்னால் வந்தவன் என் நெஞ்சில் மோதி 'ஹக்' என்றான். திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் விழுந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஓர் இடிதான் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அன்று அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

அவன் பேரை வாசித்தார்கள். நான் அந்த வரிசையில் இல்லை, இருப்பேன் என்று நினைக்கவும் இல்லை. சார் ஸ்டோர் ரூமுக்கு ஓடிப் போய் ஒரு கை சுண்ணாம்பை அள்ளி வந்து அவன் இரண்டு தோளிலும் பூசினார். "பயம் போச்சு பாத்தியா! இனிமே உன்னை எவன்லே மறிக்க முடியும்?" என்றார். எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது. அன்று கார்டு குழாயடிக்குப் போகவில்லை. தோளில் வெள்ளையோடு, பையை மார்பில் அணைத்துக்கொண்டு ஓடினான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள், அதே வண்டியில் வரும் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. சாரும் நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

டெட்டால் நாற்றம், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த கூட்டம், அதற்கு நடுவே ஒரு கட்டிலில் அவன். வலது கை தோள் வரை கட்டு. முழங்கை மூட்டைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் அடித்திருந்தார்கள். முகம் வீங்கி, ஒரு கண்தான் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் தண்ணீர் வந்தது. பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பந்து நெனப்புலயே வந்தேம்லே. உன்னைய இடிச்சேன்லா, அதையே நெனச்சுக்கிட்டு. பெரிய தெருவுல எதுக்க ரெண்டு பேரு வந்தாவ. ஒதுங்கணும்னே தோணல. தோளு பட்டிருச்சு."

சார் அவன் அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "போலீஸ்ல எழுதிக் குடுப்போம். நான் சாட்சிக்கு வாறேன். இதை விடக் கூடாது அண்ணாச்சி."

அந்த மனிதர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வாழைக்கறை படிந்து துண்டே கறுத்திருந்தது. "எழுதிக் குடுத்துட்டு நாங்க எங்க போய் இருக்க, சார்?" என்றார். பிறகு, கோபமே இல்லாமல், கணக்குக் கேட்கிற மாதிரியும் இல்லாமல், சும்மா சொன்னார்: "தெனமும் தோள்ல வெள்ளையோட வந்தான். என்னலேன்னு கேட்டேன். சார் இடிச்சுட்டுப் போவப் படிச்சுக் குடுக்காவன்னான். நான் சொல்லிருக்கணும். நீங்க அவன் ஜெயிக்கணும்னு படிச்சுக் குடுத்திய. நான் அவன் உசிரோட வீடு வந்து சேரணும்னு படிச்சுக் குடுத்தேன்."

சாருக்கு அன்றுதான் விளங்கியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. விசில் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தார், பஸ் ஸ்டாப்பில் நின்றார். பஸ் வந்தது. ஏறவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடப்பாவமே. எவ்வளவு மரியாதையா ஒதுங்கிப் போவான். அவனுக்கா இப்படி?" என்றார். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு தெரிந்தபோது அவர் கேட்கிற நிலையில் இல்லை.

விடுதி இடம் வேறொரு பையனுக்குப் போயிற்று. கார்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. சார் அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு ஸ்கிரீன் பயிற்சி கொடுக்கவே இல்லை. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். ஐப்பசி மழையில் ஸ்டோர் ரூம் ஒழுகி, சுண்ணாம்பு மூட்டை நனைந்து, காய்ந்து, கல்லாகிப் போனது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் பிறகு முட்டுக் கொடுத்தார்கள். பரீட்சை முடிந்ததும் சார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அவனை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன், பல வருஷம் கழித்து. திருச்செந்தூரில், கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற வழியில். மொட்டை போட்ட தலைகளும் ஈர வேட்டிகளும் நெருக்குகிற கூட்டம். வலது கை மடங்கியபடியே இருந்ததைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன். கூப்பிட்டேன். "லே, நெட்டை!" என்று சிரித்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, குடும்பம் ஊரில்தான் என்றான். "இன்னும் ஆடுதியாலே?" என்று கேட்டான். முழங்கால் போச்சு என்றேன். "எனக்கு முழங்கை, உனக்கு முழங்கால்" என்றான். இருவரும் சிரித்தோம். வேறு என்ன பேச?

பக்கத்தில் அவன் மகன். ஐந்து வயது இருக்கும். அப்போதுதான் மொட்டை போட்டிருந்தார்கள், தலையில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பந்து.

எதிரே நாலைந்து பேர் பட்டு வேட்டியில் வழியை அடைத்துக்கொண்டு வந்தார்கள். யாரோ, எந்த ஊரோ. இவனைத் தெரிந்தவர்கள்கூட இல்லை. என்னிடம் பேசிக்கொண்டே கார்டு இடது கையை மகன் தோள் பக்கம் கொண்டுபோனான். கை தோளில் படவே இல்லை. அதற்கு முன்பே பையன் நகர்ந்துவிட்டான். முதல் அடி நீளமாக, தோளைத் தாழ்த்தி, ஒருவர் மேலும் படாமல், அவ்வளவு அழகாக ஓரத்துக்கு.